உறைந்த கரையில் மரக்குடில்கள்: ஓதமும் ஒளிப்படமும்

கனடாவில் பயிலும் பிள்ளைகளைக் காண நம் வாடிக்கையாளர் பலர் செல்கின்றனர். அவர்களுள் குளிர்காலத்தில் பயணம் மேற்கொள்வோர், கையில் ஒரு கேமராவும் இருப்பின், கியூபெக் மாநிலத்தின் லா பே என்னும் பகுதிக்கு ஒருமுறை சென்று வரலாம். அது சாகெனே ஃபியோர்டின் கிளையாகிய ஹா! ஹா! விரிகுடாவின் கரையில் உள்ளது. பெயரே அதுதான், அச்சுப்பிழையன்று.

ஆற்றின் நன்னீர் அடர்த்தி குறைந்ததாதலால் கடல்நீரின் மேல் படர்ந்து நிற்கிறது. அப்பரப்பே முதலில் உறைகிறது. பனிக்கட்டி போதிய தடிப்பை அடைந்ததும், வண்ணம் தீட்டிய நூற்றுக்கணக்கான மரக்குடில்களை அதன்மேல் இழுத்து வந்து, தெருக்களுடன் ஒரு சிற்றூரையே அமைக்கின்றனர். உள்ளே அடுப்பு எரியும். பனியில் இட்ட துளை வழியே தூண்டில் இறங்கும்.

இவ்வூர் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. இங்கு ஓதத்தின் ஏற்றத்தாழ்வு சில நாட்களில் 5 மீட்டரையும் கடக்கும். நடுவிலுள்ள பனித்தளம் நீரோடு சேர்ந்து உயர்ந்து தாழ்கிறது. கரையோரப் பனியோ தரையைப் பற்றிக்கொண்டு அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி கதவின் கீல்போல் வளைந்து, வெடித்து, பாளங்களாகச் சாய்கிறது. தாழ் ஓதத்தில் கரையிலிருந்து நோக்கினால், சாய்ந்த பாளங்களுக்கு அப்பால் குடில்கள் பள்ளத்தில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். உயர் ஓதத்தில் அப்பள்ளம் மறைந்து, காட்சி சமதளமாகிவிடும். என் கருத்தில் முன்னதே சிறந்த படம்.

ஆகவே, புறப்படுமுன் ஓத அட்டவணையைப் பார்ப்பது அவசியம். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தள்ளிச் செல்லும். மாலை ஒளியில் தாழ் ஓதம் அமையும் நாளைத் தவறவிட்டால், அது மீண்டும் வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

வெண்பனி கேமராவை ஏமாற்றும். காட்சி முழுவதையும் சராசரிச் சாம்பல் நிறமாகக் கருதியே அது ஒளியை அளக்கிறது. விளைவு, பனி அழுக்கடைந்ததுபோல் பதிவாகும். (சராசரியை மட்டும் நம்புவதன் கேட்டை எங்கள் துறையினரும் அறிவர்.) எக்ஸ்போஷர் அளவை ஒன்று முதல் இரண்டு படி வரை உயர்த்துக. கதிரவன் மறைந்து அரைமணி நேரத்துக்குள், சன்னல்களின் மஞ்சள் ஒளியும் வானின் நீலமும் ஏறக்குறைய சமமாகும் சில நிமிடங்கள் வரும். ஜனவரியில் அது மாலை 5 மணிக்கு முன்பே வந்துவிடும், முக்காலி தேவை.

மாற்று பேட்டரியைச் சட்டையின் உட்பையில் வையுங்கள். சூடான குடிலுக்குள் நுழையுமுன் கேமராவை நெகிழிப் பையில் இட்டு இறுக மூடுங்கள். இல்லையேல் லென்சில் நீர் கோக்கும். குடில் பிறர் உடைமையாதலால், கதவைத் தட்டி அனுமதி பெறுதல் முறை.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். படத்துக்கு அழகூட்டும் அந்த வெடிப்புப் பகுதியே மிகுந்த ஆபத்துடையது. உப்பு கலந்த பனி, அதே தடிப்புள்ள நன்னீர்ப் பனியைவிட வலுக்குறைந்தது. ஓதம் ஏறும்போது வெடிப்புகள் வழியே நீர் மேலே பரவும். அதன்மேல் புதுப்பனி மூடினால் கண்ணுக்குத் தெரியாது. எனவே பாளங்களைக் கரையில் நின்றவாறே தொலைநோக்கு லென்சால் எடுங்கள். பனித்தளத்துக்குச் செல்ல, நிர்வாகத்தினர் சோதித்துத் திறந்த பாதையை மட்டுமே பயன்படுத்துங்கள்.

மார்ச் மாதத்தில் பனி உருகத் தொடங்குமுன் குடில்கள் கரைக்கு இழுக்கப்படும். அவை வரிசையாகக் கரையேறும் நாட்களும் படமெடுக்க உகந்தவையே.