உங்களுக்குத் தெரியுமா? பல்லிக்குத் தேவை ஒரு டிகிரி அல்ல, இரண்டு மூலை!

கண்ணாடித் தொட்டியில் பல்லி வளர்க்கும் ஆசை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதற்கான யோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. தொட்டியை எப்படிச் சூடேற்றுவது என்பதுதான் அவர்களுடைய கவலை. தஞ்சாவூரில் சித்திரை வெயிலில் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. காவிரிப் படுகைக்குப் பொருந்தும் சில தகவல்கள் இதோ.

சூடு வெளியிலிருந்துதான்
நம் உடம்பு எந்நேரமும் 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. சாப்பிடுவதில் பெரும்பங்கு அதற்கே போகிறது. பல்லி அந்தச் செலவைச் செய்வதில்லை. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும், போதுமென்றால் விலகிவிடும். அதனால்தான் நாலைந்து பூச்சி கிடைத்தாலே அதன் பொழுது ஓடிவிடுகிறது. நகர்வதற்கு இடம் இல்லாவிட்டால் பல்லிக்கு ஆபத்து.

இரவில் திரிவதற்கு எதற்குச் சூடு?
வீட்டுப் பல்லி வெயில் காய்ந்து நாம் பார்ப்பதில்லை. ஆனால் பகல் முழுவதும் நாட்டு ஓட்டுக்கு அடியிலும் எரவாணத்து மூங்கில் சந்திலும் ஒடுங்கியிருக்கும்போது, காய்ந்த ஓட்டின் சூட்டை உடம்போடு ஒட்டி வாங்கிக்கொள்கிறது. மாலை வெயில் பட்ட மேற்குச் சுவர் இருட்டிய பிறகும் வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழியில் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தை அது விரும்புவதும் இதே காரணத்தால்தான்.

முற்றம் வைத்த வீட்டில் பல வெப்பநிலைகள்
டெல்டாவின் பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சூடு. ஒரே நேரத்தில் ஓட்டுக்கூரை கொதிக்கும், கிணற்றடி குளிர்ந்திருக்கும். பல்லிக்கு வேண்டியது இந்த வேறுபாடுதான். தொட்டியிலும் ஒரு கோடி சூடாகவும் மறு கோடி குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், இரண்டிலும் ஒளிய இடம் வேண்டும். தொட்டி முழுக்க ஒரே வெப்பநிலை என்றால், அது எவ்வளவு 'சரியான' வெப்பநிலையாக இருந்தாலும் பல்லிக்குப் போதாது. மூன்றடி நீளத் தொட்டியில் இந்த வேறுபாட்டைக் கொண்டுவருவது எளிது. சின்னத் தொட்டி முழுவதும் சீக்கிரமே ஒன்றுபோலச் சூடாகிவிடும்.

இமை கொட்டும் பல்லி
உலகில் அதிகம் வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்று லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட, கல்லும் மண்ணுமான நிலம்தான் அதன் தாயகம். எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. விரலில் ஒட்டும் தகடுகள் இல்லாததால் கண்ணாடிச் சுவரில் ஏற முடியாது. தரைதான் அதன் உலகம், ஆகவே தரையின் சூட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி வரையும், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 டிகிரி வரையும் இருந்தால் அது நிம்மதியாக இருக்கும்.

நம் ஊரில் கடினம் எது?
மார்கழி, தை இரவுகளில் தஞ்சாவூரின் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும். அப்போது தொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கினால் போதும், அது எளிய வேலை. சித்திரை, வைகாசியிலோ நிழலிலேயே 37, 38 டிகிரியைத் தொடும். தளம் போட்ட மாடி அறை இரவிலும் சூட்டை விடாது. அந்த மாதங்களில் சூடான பக்கம் தானாக வந்துவிடும், குளிர்ந்த பக்கம்தான் காணாமல் போகும். டெல்டாவில் பல்லி வளர்ப்பவரின் முதல் வேலை அந்தக் குளிர்ந்த மூலையைக் காப்பதுதான்.

இங்கே வேண்டாத விருந்தாளி
கிரெஸ்டட் கெக்கோ என்றொரு பல்லி, பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவில் வாழ்வது. அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு ஏற்றது 22 முதல் 26 டிகிரி. 28 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். மாசி முதல் ஐப்பசி வரை இரவும் பகலும் குளிரூட்டி ஓட வேண்டிய ஊரில் அதை வாங்கி வைப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

சன்னல் ஓரம் கூடாது
கண்ணாடித் தொட்டிக்குள் விழும் வெயில் சுலபமாக வெளியேறாது. கதவு மூடி வெயிலில் நிறுத்திய கார் எப்படித் தகிக்குமோ, அப்படியே தொட்டியும் சில நிமிடங்களில் தகிக்கும். அரை மணி நேர நேரடி வெயில் பல்லியின் உயிரைப் பறிக்கப் போதும். கிழக்கு, மேற்குச் சன்னல்களை விட்டு விலகி, வீட்டின் நடு அறையில், தரையை ஒட்டித் தொட்டியை வையுங்கள். சூடான காற்று மேலே போகும் என்பதால், பரணை விடக் கீழ்த்தளம் எப்போதும் குளிர்ச்சி.

பானைத் தந்திரமும் அதன் எல்லையும்
மண்பானையில் தண்ணீர் குளிர்வது, நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதால். குளிர்ந்த பக்கத்தில் நனைத்த பானை ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் வறண்ட கோடையில் இரண்டு மூன்று டிகிரியாவது குறையும். ஐப்பசி, கார்த்திகையில் இது பலிக்காது. வடகிழக்குப் பருவமழைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீர் ஆவியாவது மிக மெதுவாகிவிடும். வறண்ட நிலத்துப் பல்லிக்கு ஓயாத ஈரம் மூச்சுக்குழல் நோயைக் கொண்டுவரும். அந்த மாதங்களில் தொட்டிக்கு வேண்டியது காற்றோட்டம்.

தோல் உரிக்க ஒரு ஈர மூலை
முழுத் தொட்டியும் நனைந்திருக்கக் கூடாது, ஆனால் ஒரு சிறு பெட்டி மட்டும் ஈரமாக இருக்க வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூளை நன்கு அலசி, பிழிந்து, ஒரு டப்பாவில் நிரப்பி, நுழைய ஓட்டை வைத்தால் போதும். ஈரம் இல்லாவிட்டால் உரியாத தோல் விரல் நுனிகளில் இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, விரலே உதிர்ந்துவிடும்.

அளவுகோல் எங்கே இருக்கிறது?
கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானி பெரும்பாலும் கண்ணாடியின் சூட்டையே காட்டும். பல்லி படுப்பதோ தரையில். உணர்முனையைப் பல்லி படுக்கும் இடத்திலேயே வையுங்கள், சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று. சூடேற்றும் விரிப்பைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்கவே கூடாது. விரிப்பின் சூடு கட்டுப்பாடின்றி ஏறினால் பல்லியின் வயிறு வெந்துவிடும். உள்ளே மின்கம்பி வைத்த 'சூட்டுக் கல்' பல பல்லிகளுக்குத் தீக்காயம் தந்திருக்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வயிற்றில் போனால் போதாது
பல்லியின் செரிமானமும் சூட்டை நம்பித்தான் நடக்கிறது. தின்ற பிறகு குளிரில் கிடந்தால் பூச்சி வயிற்றிலேயே கெட்டுப்போகும், அல்லது பல்லி கக்கிவிடும். உங்கள் பல்லி சாப்பிட மறுத்தால் மருந்தைத் தேடும் முன் வெப்பமானியைப் பாருங்கள். லெப்பர்ட் கெக்கோவின் தடித்த வால் கொழுப்புச் சேமிப்பு. வால் மெலிந்தால் வளர்ப்பில் ஏதோ தவறு என்று பொருள்.

இருட்டிலும் நிறம் தெரியும்
மங்கிய நிலவொளியில் நமக்கு எல்லாமே சாம்பல் நிறம். அந்த வெளிச்சத்திலும் ஒரு வகைப் பல்லி நிறங்களைப் பிரித்தறியும் என்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். இவ்வளவு கூர்மையான கண்ணுக்கு முன்னால் இரவெல்லாம் விளக்கு எரியலாமா? இரவுச் சூட்டுக்கு வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றியே நல்லது.

புயல் நாளில் என்ன செய்வது?
2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் பல கிராமங்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படி ஒரு நிலை வந்தால் பல்லிக்கு இரை போடாதீர்கள், தண்ணீர் மட்டும் வையுங்கள். நம் ஊர் நவம்பரில் நலமான பல்லி சூடேற்றி இல்லாமலே சில நாள் தாங்கும். கோடை மின்வெட்டுதான் உயிருக்கு ஆபத்து. அப்போது தொட்டியின் மூடியைத் திறந்து வலை போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த தரைக்கு மாற்றிவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்பதைச் சொல்வது சூடு
லெப்பர்ட் கெக்கோவின் முட்டையை 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். இன்னும் இரண்டு டிகிரி கூட்டினால் மறுபடியும் பெண்ணே அதிகம். நமக்கு இருப்பதுபோலப் பாலினத்தை முடிவுசெய்யும் குரோமோசோம் அதற்கு இல்லை.

சென்னையில் கண்ட உண்மை
இதே போன்ற விந்தையை நம் நன்னீர் முதலையிடம் ஆராய்ந்தது சென்னை முதலைப் பண்ணை. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் கூட்டாளிகளும் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் தொடங்கியது இது. ஜெஃப்ரி லேங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகளில் பெண் குட்டிகள் மட்டுமே, 32.5 டிகிரியில் ஆண் குட்டிகள் மட்டுமே. கும்பகோணத்துக்காரர்கள் இந்த முதலையைப் பார்க்கச் சென்னை போக வேண்டியதில்லை. அணைக்கரையில், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணைப் பக்கம், கொள்ளிடத்திலேயே அவை வாழ்கின்றன. கொள்ளிடக் கரை மணலின் சூடு ஒரு டிகிரி மாறினால் அடுத்த தலைமுறையின் ஆண்–பெண் கணக்கே மாறும்.

கடற்கரை ஆமைக்கும் அதே விதி
நாகை, கோடியக்கரைக் கடற்கரையில் முட்டையிடும் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு மணல் சூடானால் பெண், குளிர்ந்தால் ஆண். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில், பிறந்து வளர்ந்துவரும் இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று 2018இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. புவி சூடாவது இப்படியும் ஓர் இனத்தை அரிக்கும்.

வயல்பூச்சி இரை ஆகுமா?
வயலை ஒட்டிய வீடுகளில் விளக்கைப் போட்டதும் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் மொய்க்கும். சுவர்ப் பல்லிகளுக்கு அன்று விருந்து. அவற்றைப் பிடித்துத் தொட்டிப் பல்லிக்குப் போடாதீர்கள். வயலில் அடித்த பூச்சிமருந்து அவற்றின் உடம்பில் இருக்கலாம். வளர்த்த சில்வண்டும் மாவுப்புழுவும், மேலே தூவிய கால்சியமும் போதும்.

பல்லிக்கு விஷம் இல்லை
வீட்டுப் பல்லியிடம் விஷம் கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், அது உணவில் கலந்தால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம். வளர்ப்புப் பல்லிக்கும் இது பொருந்தும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள், தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?
1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. அதன்படி, சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். கள்ளக்கடத்தலுக்கு இரையாகும் டோக்கே பல்லி 2019இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. லெப்பர்ட் கெக்கோ இந்தியாவிலும் இயல்பாக வாழ்வது. எனவே எந்தப் பல்லியானாலும், எங்கிருந்து வந்தது என்பதை எழுத்தில் வாங்கி, வனத்துறையிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காட்டிலிருந்து பிடித்ததை வாங்கவே கூடாது.

முதலில் அறையை அளந்து பாருங்கள்
தொட்டி வாங்கும் முன் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வெப்பமானி வாங்குங்கள். பல்லி வைக்கப்போகும் அறையில் சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கும், மார்கழியில் விடியற்காலை நாலு மணிக்கும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடைப் பிற்பகலிலும் 28 டிகிரிக்குக் கீழே ஒரு மூலையைத் தர முடிந்தால் லெப்பர்ட் கெக்கோவைப் பற்றி யோசிக்கலாம். முடியாவிட்டால் வாங்காமல் இருப்பதே அந்தப் பல்லிக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.