ஒலிக்குறை காணும் முறை

செவியின் வாயில் தொடங்கிச் செவிப்பறை வரையுள்ள குழல், ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமே உடையது. அச்சிறு குழலின் வாயிலை அடைத்துக்கொண்டு, ஒரு பாடகரையும் அவருடைய பக்கவாத்தியக்காரரையும் அதனுள்ளே குடியேற்றிவிடும் கருவியே, மக்கள் இயர்போன் என்று வழங்கும் செவிக்கருவியாகும்.

செவியோடு பொருந்தும் ஒலிக்கருவிகளின் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 1910ஆம் ஆண்டில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்டுவின் என்பார், தம் வீட்டுச் சமையலறையில் செய்த கேட்கும் கருவியை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையார் அதனைச் சோதித்துப் பார்த்து, அதன் திறம் கண்டு, மேலும் செய்து தருமாறு வேண்டினர். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம், மீட் கில்லியன் என்னும் அறிஞரின் முயற்சியால், செவிக்குழலுக்குள் இறங்கி நின்று புறவோசையைத் தடுக்கும் இயர்போனை வெளியிட்டது. இன்று பல்லாயிரம் ரூபாய் விலைபெறும் இயர்போன்களும் கடைகளிற் கிடைக்கின்றன.

விலை மிகுந்தால் குறை இராது என்று எண்ணுவது உலக இயல்பு. ஆனால் இங்கு நிகழ்வது பல வேளைகளில் அதற்கு மாறானது. மங்கிய கண்ணாடி முகத்திலுள்ள சிறு மறுவை மறைத்துவிடும். தெளிந்த கண்ணாடியோ உள்ளவாறே காட்டும். அதுபோல நுண்ணிய இயர்போன், தனக்கு முன்னும் பின்னும் உள்ள குறைகளையெல்லாம் வெளிப்படுத்திவிடுகிறது. பழியோ அதன்மேல் விழுகிறது.

ஆதலின், குறை எங்குள்ளது என்று அறிய விரும்புவோர், ஒலி வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும். பாட்டு, கைப்பேசிக்குள் எண்களின் வடிவில் இருக்கிறது. சில்லு ஒன்று அவ்வெண்களை மின்னோட்டமாக மாற்றுகிறது. பெருக்கி அதற்கு வலிமை ஊட்டுகிறது. பின்னர் அது செருகியின் வழியே கம்பியிற் புகுந்து இயர்போனை அடைகிறது. ஆங்கே காந்தத்தின் அருகிலுள்ள நுண்ணிய கம்பிச்சுருள் அம்மின்னோட்டத்தால் அசைய, அதனோடு ஒட்டிய மெல்லிய தகடு அதிர்ந்து காற்றை அதிர்விக்கிறது. அவ்வதிர்வு ரப்பர் போன்ற சிலிகான் குமிழின் துளை வழியே செவிக்குழலை அடைந்து, செவிப்பறையைத் தட்டுகிறது. இவ்வளவு நீண்ட வழியில் எவ்விடத்திலும் தடை நேரலாம்.

தேடுவோர்க்கு நெறி ஒன்று உண்டு. ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். பாட்டையும் மாற்றி, கைப்பேசியையும் மாற்றி, குமிழையும் மாற்றிய பின்னர் ஒலி சீர்பட்டால், எதனாற் சீர்பட்டது என்பதை எவ்வாறு அறிவது? இவ்வாறு எல்லாவற்றையும் ஒருங்கே கலைத்துவிட்டுப் பின்பு திகைப்போரே மிகுதி.

செவிக்கு மிக அருகில் உள்ளது குமிழ். விலையிற் சிறியதும் அதுவே. பெரும்பான்மையான குறைகளுக்குக் காரணமும் அதுவே. ஒருவன் தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டு நல்ல இயர்போன் ஒன்றை வாங்குகிறான் என்று கொள்வோம். மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்கிறது. தொப்பியின் கும்காரமோ கேட்கவே இல்லை. கருவி பழுதென்று கடைக்குத் திரும்புகிறான். கடைக்காரர் பெட்டியிற் கிடந்த பெரிய குமிழை எடுத்து மாட்டித் தருகிறார். தொப்பி முழங்குகிறது! நடந்தது யாதெனின், குமிழ் செவிக்குழலை முற்றும் அடைத்தாலன்றித் தாழ்ந்த ஒலிகள் நிலைபெறா. தகடு மெல்ல அசையும்போது அடைபட்ட காற்று செவிப்பறையை அழுத்துகிறது. ஓர் ஓரத்தில் இடுக்கு இருந்தால், அவ்வழியே காற்று ஒழுகிவிடுகிறது. விரைந்து அதிரும் மேலொலிகள் ஒழுக நேரமின்றிச் செவியை அடைகின்றன; தாழ்ந்த ஒலிகளோ மெலிந்துபோகின்றன. ஒருவருடைய இரு செவிகளும் ஒரே அளவின அல்ல. ஆதலால் ஒன்றுக்கு நடுத்தரக் குமிழும் மற்றொன்றுக்குப் பெரிய குமிழும் பொருந்துதல் வியப்பன்று. காதுமடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு பொருத்தினால், குழல் நேராகி, குமிழ் செவ்வையாக அமரும்.

குமிழுக்கு அடுத்தது அதனுள்ளே இருக்கும் வலை. செவியிற் சுரக்கும் மெழுகைக் குறும்பி என்பது தமிழ் வழக்கு. செவியைக் காக்கும் அக்குறும்பியே வலைக்கண்களில் ஒட்டி ஒலியை அடைத்துவிடுகிறது. குமிழைக் கழற்றி, இயர்போனின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்தல் போதும். வாயை மேல்நோக்கிப் பிடித்துத் துடைத்தால் அழுக்கு உள்ளே இறங்கும். ஊசியால் குத்துவோரும் உளர். அவர் வலையைக் கிழித்து, அழுக்கைத் தகட்டின்மேலேயே சேர்த்துவிடுகின்றனர்.

இனி, செருகியில் நேரும் குறை ஒன்று உண்டு. அது விந்தையானது, அறியாதாரைப் பெரிதும் மயக்குவது. கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்கும்போது, ஒருபுறம் வயலினும் மறுபுறம் மிருதங்கமும் ஒலிக்கின்றன. நடுவே இருந்து பாட வேண்டிய பாடகரை மட்டும் காணோம்! எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல அவர் குரலின் எதிரொலி மட்டும் வருகிறது. பாட்டுப் பதிவே கெட்டுவிட்டது என்று அதனை அழித்துவிடுவோரும் உண்டு.

இதன் காரணத்தைச் சிறிது நின்று ஆராய்தல் தகும். இயர்போனுக்குள் இடச்செவிக்கு ஒரு கம்பியும் வலச்செவிக்கு ஒரு கம்பியும் செல்கின்றன. இரண்டின் மின்னோட்டமும் திரும்பி வருவதற்குப் பொதுக் கம்பி ஒன்று இருக்கிறது. அப்பொதுக் கம்பி அறுந்துவிட்டால், அல்லது செருகியில் அதற்குரிய வளையம் தொடவேண்டிய இடத்தைத் தொடாவிட்டால், மின்னோட்டம் திரும்ப வழியின்றி, இடச்சுருள் வழியே புகுந்து வலச்சுருள் வழியே வெளிப்பட முயல்கிறது. இரு குளங்களை ஒரு வாய்க்காலால் இணைத்தால், நீர்மட்டம் வேறுபட்டாலன்றி நீர் ஓடுமோ? ஓடாது. நடுவே ஒலிக்கும் குரலைப் பதிவு செய்வோர், இரு பக்கத்திலும் அதனைச் சம அளவில் வைக்கின்றனர். எனவே குரலைப் பொறுத்தவரை இரு குளங்களின் மட்டமும் ஒன்றே. அதற்குரிய மின்னோட்டம் ஓடுவதில்லை. ஒரு பக்கத்தில் மிகுந்தும் மறுபக்கத்தில் குறைந்தும் உள்ள வாத்தியங்களுக்கு மட்டம் வேறுபடுகிறது. அவை மட்டும் ஒலிக்கின்றன. பாடகர் மேடையை விட்டு இறங்கிவிட்டது இவ்வாறுதான்.

இக்குறை நேரும் வழிகள் மூன்று. கம்பி அறுதல் ஒன்று. கைப்பேசிக்கு இட்ட தடித்த உறை தடுப்பதனாலோ, துளைக்குள் பஞ்சும் தூசியும் திரண்டு கிடப்பதனாலோ, செருகி முழுதும் உட்செல்லாமை மற்றொன்று. உறையைக் கழற்றிப் பார்ப்பதும், கைப்பேசியை நிறுத்திவிட்டு மரத்தாலான பல்குச்சியால் துளையிலுள்ள பஞ்சை மெல்ல எடுப்பதும் இதற்கு மருந்து. மூன்றாவது வழி, மைக் உள்ள இயர்போன்களுக்கு உரியது. அவற்றின் செருகியில் தொடுமிடம் நான்கு. அவற்றுள் மூன்றாவதைப் பொதுக் கம்பிக்கும் நான்காவதை மைக்குக்கும் வைப்பது ஒரு மரபு. இவ்விரண்டையும் மாற்றி வைப்பது மற்றொரு மரபு. பழைய கைப்பேசிகள் சில இரண்டாம் மரபைப் பின்பற்றின. மரபு மாறிய இரண்டை இணைத்தால், மேற்கூறிய கூத்து நிகழும். அப்போது மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தால், பாடகர் உடனே மேடைக்குத் திரும்புவார். கையை எடுத்தால் மீண்டும் மறைவார். பொத்தான் அக்கணத்தில் இரு இடங்களையும் ஒன்றாக இணைத்துவிடுவதே இதற்குக் காரணம். பழுது கம்பியில் இல்லை, மரபு வேற்றுமையிலே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 7, 3.5 மில்லிமீட்டர் செருகுதுளை இன்றியே வந்தது. பின்னர்ப் பல கைப்பேசிகளும் அவ்வழியே சென்றன. ஆகவே இடையில் ஓர் அடாப்டர் தேவையாயிற்று. புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே உள்ள அடாப்டர்கள் இரு வகையின. ஒரு வகைக்குள் எண்களை மின்னோட்டமாக்கும் சில்லு இருக்கிறது. மற்றொரு வகை வெறுங்கம்பியே. கைப்பேசி தானே மின்னோட்டமாக்கித் தரவல்லதாயின் வெறுங்கம்பி போதும். அன்றேல் ஓசையே எழாது. ஒரு கைப்பேசியிற் பாடிய அடாப்டர் மற்றொன்றில் ஊமையாவது இதனாலேயே.

மிக உயர்ந்த இயர்போன்கள் சிலவற்றில், சுருளுக்கு மாறாக, காந்த முனைகளின் இடையே சமநிலையில் நிற்கும் சிறு இரும்பு நாவுகள் பல அமைந்திருக்கும். இவ்வகையில் மின்தடை எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இராது. கைப்பேசியின் உட்தடை மிகுதியானால், சில சுருதிகள் ஓங்கியும் சில தாழ்ந்தும் ஒலிக்கும். இயர்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் உட்தடை இருத்தல் ஆகாது என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. இயர்போன் 16 ஓம் எனில், உட்தடை 2 ஓமுக்குள் அடங்குதல் நன்று. பாட்டின் இடைவெளியில் மெல்லிய இரைச்சல் கேட்பதும் இத்தகைய கூர்மையான கருவிகளிலேதான். அது பெருக்கியின் இயல்பான இரைச்சல்; சாதாரண இயர்போன் அதனைக் காட்டுவதில்லை, அவ்வளவே.

கம்பியில்லாத புளூடூத் கருவிகளுக்கு வேறு குறைகள் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னன் ஒருவனின் பட்டப்பெயர் இக்கருவிக்கு வாய்த்தது ஒரு வேடிக்கை. புளூடூத் அலைகளை உடலிலுள்ள நீர் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே கைப்பேசியைப் பின்பையில் வைத்து நடப்பவருக்குப் பாட்டு அறுந்தறுந்து கேட்பதுண்டு. மேற்பையில் வைத்தால் அக்குறை நீங்கலாம். இனிமையாகப் பாடிக்கொண்டிருந்த கருவி திடீரெனப் பழைய தொலைபேசி போல ஒலித்தால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்துவிட்டது என்று அறிக. மைக்கும் பாட்டும் ஒரே வேளையில் செல்லும்போது பாட்டின் தரத்தைக் குறைப்பது அதன் பழைய ஏற்பாடு. அச்செயலியை மூடினால் இனிமை திரும்பும்.

ஒரு பக்கம் மட்டும் மெலிந்து ஒலித்தல் என்னும் குறை தனியே கூறத்தக்கது. முதலிற் கைப்பேசியின் அமைப்புகளில், அணுகல்தன்மை என்னும் பகுதியிலுள்ள இடவலச் சமநிலைக் கோடு நடுவில் நிற்கிறதா என்று காணவேண்டும். கைபட்டு நகர்ந்திருப்பதும் உண்டு. அது செவ்வையாயிருப்பின், இடச்செவிக்குரியதை வலச்செவியிலும், வலச்செவிக்குரியதை இடச்செவியிலும் மாற்றிப் பொருத்திக் கேட்கவேண்டும். மெலிவும் உடன் இடம்மாறினால், குறை கருவியிலோ அதற்கு முன்னுள்ள வழியிலோ இருக்கிறது. வேறொரு கைப்பேசியில் இணைத்தால் அதுவும் தெரிந்துவிடும். மாற்றிய பின்னும் மெலிவு அதே செவியில் நின்றால், கருவி குற்றமற்றது. குறை செவியிலேயே உள்ளது.

செவியில் உள்ள குறை, குறும்பி திரண்டதாகவோ, நீர்க்கோவையால் வந்த அடைப்பாகவோ இருக்கலாம். அவற்றை மருத்துவர் எளிதில் நீக்குவர். குச்சியிட்டுக் குடைதல் குறும்பியை மேலும் உள்ளே தள்ளும். ஆனால் நேற்றுவரை நன்றாகக் கேட்ட ஒரு செவி, இன்று காலை திடீரென மந்தமானால், அதனை அடைப்பென்று எண்ணிக் காத்திருத்தல் ஆகாது. செவிநரம்பின் பகுதி தாக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய கேட்பிழப்புக்கு மருத்துவம் உண்டு; நாள் தாழ்த்தத் தாழ்த்த அது பயன்தரும் வாய்ப்புக் குறைகிறது. அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மெல்ல மெல்ல வரும் குறை வேறு. உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழப் பதினையாயிரம் உள. மனிதனுக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேரோசையால் முதலிற் கெடுவது நொடிக்கு ஏறத்தாழ 4000 அதிர்வுள்ள மேலொலிப் பகுதி. பேச்சில் உயிரொலிகள் வன்மையாக நிற்க, மெய்யொலிகள் பலவற்றின் கூர்மை மேலொலிகளைச் சார்ந்தே இருக்கிறது. எனவே இக்குறையுடையார்க்குப் பேச்சின் ஓசை கேட்கும்; பட்டா தட்டா என்பது விளங்காது. பாட்டு மங்கிவிட்டது, இயர்போன் பழுது என்று அவர் ஒலியைக் கூட்டுவார். குமிழ் பொருந்தாமையாற் குறைந்த தாழ்ந்த ஒலியைப் பெறுவதற்காக ஒலியைக் கூட்டுவோரும் இதே இடத்திற்கே வந்து சேர்கின்றனர்.

2019ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இதற்கென ஓர் அளவை வெளியிட்டன. அதன்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அதே நேரத்திற்கு 75 டெசிபெல்லே எல்லை. ஒலி 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். 83 டெசிபெல்லுக்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி எனக் குறைந்து வரும் அக்கணக்கை இன்றைய கைப்பேசிகள் சில தாமே எழுதி வைக்கின்றன. 92 டெசிபெல் அளவிற் கேட்கும் பெரியவர் ஒருவருக்கு அக்கணக்கில் வாரம் முழுமைக்கும் கிடைப்பது இரண்டரை மணி நேரம். ஒரு கச்சேரியோடு அது தீர்ந்துபோகும்.