பின்சில்லு லொறி நாற்சில்லு லொறியான கதை

சேற்றிற் புதைந்த லொறியொன்றைக் கண்டிருப்பீர்கள். சாரதி எஞ்சினை உறுமச் செய்கிறான். பின்சில்லுகள் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு சுழல்கின்றன. லொறியோ அங்குலமும் அசைவதில்லை. அவ்வேளையில் முன்சில்லுகளைச் சற்றுக் கவனியுங்கள். அவை அசையாமல் நிற்கும். சாதாரண லொறியில் எஞ்சினின் வலு பின்சில்லுகள் இரண்டுக்கே செல்கிறது. முன்சில்லுகள் திசை திருப்புவதற்கு உதவுவன. மற்றும்படி கூடவே உருள்வனவன்றி உழைப்பன அல்ல. இரண்டு எருதுகளை நுகத்திற் பூட்டிவிட்டு, ஒன்றை மாத்திரம் இழுக்கச் சொல்லி, மற்றதைச் சும்மா நடக்கவிடுவது போன்றதே இந்த ஏற்பாடு.

நல்ல தெருவில் இதனால் யாதொரு குறையுமில்லை. ஆனால் வட அமெரிக்காவின் மினசோட்டா, மொன்டானா போன்ற மாநிலங்களிற் பனிக்காலத்தில் பாதை பனியுள் மறைந்துவிடும்; இளவேனிலில் அப்பனி உருகிச் சேறாகிவிடும். அங்குள்ள கமக்காரன் கால்நடைகளுக்குத் தீனி கொண்டுபோக வேண்டும். தொலைபேசிக் கம்பி திருத்துவோன் அறுந்த இடத்தை அடைய வேண்டும். லொறி நடுவழியில் நின்றுவிட்டால் அது நேர விரயம் மாத்திரமன்று. கடுங்குளிரில் உயிருக்கே ஆபத்து. புதிய வாகனம் வாங்கவோ கையிற் பணமில்லை. ‘உள்ள லொறியையே நான்கு சில்லுகளாலும் உழைக்கச் செய்ய முடியாதா?’ என்ற கேள்வி இத்தகைய தேவையிலேதான் பிறந்தது.

ஒரு தொழிலின் தோற்றம்

நாற்சில்லு இயக்கம் புதுமையானதன்று. முதலாம் உலக யுத்தத்திலேயே அத்தகைய பாரலொறிகள் படைகளுக்குப் பயன்பட்டன. ஆனால் அவை விலையேறியவை. 1931ஆம் ஆண்டில் இந்தியானாப்பொலிஸ் நகரில் ‘மார்மன்-ஹெரிங்டன்’ என்னும் கம்பனி தோன்றியது. அதன் ஸ்தாபகர்களுள் ஒருவராகிய ஆர்தர் ஹெரிங்டன் ஒரு பொறியியலாளர். பெருந்தொகையாக மலிவிற் செய்யப்படும் ஃபோர்ட் லொறிகளையே எடுத்து, அவற்றின் முன்சில்லுகளுக்கும் வலுவூட்டும் வேலையை இக்கம்பனி 1935ஆம் ஆண்டில் ஆரம்பித்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகள் செய்யப்பட்டன. யுத்தத்திலிருந்து மீண்ட இளைஞர்கள் நாற்சில்லு இயக்கத்தின் பெருமையைக் கண்ணாரக் கண்டவர்கள். ஆயினும் ஷெவ்ரலே போன்ற பெருங்கம்பனிகளின் பிக்-அப் லொறிகள் அப்பொழுதும் பின்சில்லு இயக்கத்துடனேயே வந்தன. இந்த இடைவெளியை மினியாப்பொலிஸ் நகரின் மோட்டார் உதிரிப்பாகக் கம்பனியொன்று கண்டுகொண்டது. அதன் பெயரின் சுருக்கமே ‘நாப்கோ’. வேண்டிய பாகங்கள் அனைத்தையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து அது விற்றது. இந்தத் தொகுதியின் பாகங்களிற் பல ஷெவ்ரலே லொறிகளின் பாகங்களேயாதலால், அவை பழுதடைந்தால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை.

மாற்றுவது எவ்வாறு?

மாணவர்கள் முதலில் ஒரு சிறு கணக்கைக் கவனிப்பார்களாக. வெறும் லொறியொன்றின் நிறை 1,600 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னே இருப்பதால் 900 கிலோகிராம் முன்சில்லுகளிலும், 700 கிலோகிராம் பின்சில்லுகளிலும் தங்கும். நிலத்தைப் பற்றும் ஆற்றல் நிறையிற் பாதியாகவோ ஐந்திலொன்றாகவோ நிலத்தின் தன்மைக்கேற்ப அமையும். வழுக்கும் பனியில் அது ஐந்திலொரு பங்கானால், பின்சில்லுகளால் இழுக்கக்கூடியது 140 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை மாத்திரமே. நான்கு சில்லுகளும் இழுத்தால் அது 320 ஆகிறது. எஞ்சின் அதேதான்; எரியும் பெற்றோலும் அதேதான். சும்மா கிடந்த நிறை வேலைக்கு வந்துவிட்டது, அவ்வளவே.

இதைச் செய்வதற்கு மூன்று பாகங்கள் இன்றியமையாதன. முதலாவது, கியர்ப்பெட்டிக்குப் பின்னே அமையும் ஒரு துணைப்பெட்டி. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் வலுவை வாங்கி, ஒரு தண்டின் மூலம் பின்னுக்கும் இன்னொரு தண்டின் மூலம் முன்னுக்கும் இது அனுப்புகிறது. சாரதி ஒரு பிடியை இழுத்தால் முன்தண்டு சேரும், விட்டால் விலகும். இப்பெட்டியிலேயே வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கி, இழுவையை இருமடங்காக்கும் ஏற்பாடும் உண்டு. ஆகவே நான்கு கியர்கள் கொண்ட லொறி எட்டுக் கியர்கள் கொண்டதாகிவிடுகிறது.

இரண்டாவது, எஞ்சினின் எண்ணெய்ச் சட்டியில் முட்டாதவாறு முன்னே செல்லும் சுழல்தண்டு. மூன்றாவது, முன்னச்சு. கடினமான பாகம் இதுவே. பின்சில்லு நேராகவே நின்று சுழல்வது; முன்சில்லோ திரும்பவும் வேண்டும், அதே சமயம் சுழலவும் வேண்டும். சாதாரண மூட்டு வளைந்து நின்று சுழலும்போது ஒரு சுற்றில் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். இதனால் லொறி குலுங்கும். வளைவிலும் ஒரே வேகத்திற் சுழலும் மூட்டுக்களே இதற்குத் தேவை. இரும்புக் குண்டுகளைக் கொண்டு 1920களில் அத்தகைய மூட்டொன்றை ஆக்கியவர் அல்பிரட் ரெஸெப்பா என்னும் பொறியியலாளர். நமது தலையும் கழுத்தும் செய்யும் வேலையை இரும்பினாற் செய்வித்தல் எளிதன்று.

கணக்குத் தவறினால்

இனி, பழைய லொறியைத் தாமே மாற்ற விரும்புவோர் மனங்கொள்ள வேண்டிய விடயங்கள் சிலவுள. முன்னச்சின் பல்விகிதமும் பின்னச்சின் பல்விகிதமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பின்னச்சு 4.11, முன்னச்சு 3.90 எனக் கொள்வோம். தண்டுகள் 411 முறை சுழலும்போது பின்சில்லு 100 முறையும், முன்சில்லு 105 முறைக்குச் சற்று மேலாகவும் சுழலும். ஒரே லொறியின் சில்லுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சேற்றிற் சில்லு வழுக்கி அப்பிணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தெருவிலோ பல்லோ தண்டோ முறியும்.

விகிதங்கள் ஒத்திருந்தாலும், காய்ந்த தெருவில் இவ்வகை லொறியை நாற்சில்லு இயக்கத்தில் ஓட்டலாகாது. வளைவிலே முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. துணைப்பெட்டியோ இரு தண்டுகளையும் ஒரே வேகத்திற் பூட்டிவைக்கிறது. ஆகவே வழுக்கும் நிலத்தைக் கடந்தவுடன் முன்தண்டை விலக்கிவிட வேண்டும்.

மேலும், முன்னச்சுக்கு இடங்கொடுக்க லொறியை உயர்த்தவேண்டி நேரும். உயர்ந்த லொறி வளைவிற் கவிழும் அபாயம் அதிகம். பழைய பிறேக்கும் அடிச்சட்டமும் புதிய பாரத்தைத் தாங்குமா என்பதையும் தேர்ந்த தொழிலாளியொருவர் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த சட்டத்தில் விலையுயர்ந்த அச்சைப் பூட்டுதல், உளுத்த தூணில் ஓட்டுக்கூரை வேய்வதற்கு ஒப்பாகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நாற்சில்லு இயக்கம் புறப்படுவதற்கும் ஏறுவதற்குமே உதவும், நிற்பதற்கு உதவாது. பின்சில்லு இயக்கமுள்ள லொறிகள் பலவற்றிலும் பிறேக் நான்கு சில்லுகளிலும் ஏற்கெனவே உண்டு. இதை மறந்து பனியில் விரைந்தோடிப் பள்ளத்தில் வீழ்ந்தோர் பலர்.

பின்னர் நடந்தது

நாப்கோவின் வெற்றியே அதன் தொழிலுக்கு முடிவாயிற்று. 1956ஆம் ஆண்டில் ஜி.எம்.சி. லொறிகளிலும், 1957ஆம் ஆண்டில் ஷெவ்ரலே லொறிகளிலும் அதன் தொகுதி தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1959இல் ஃபோர்ட் கம்பனி தானே நாற்சில்லு பிக்-அப்பை வெளியிட்டது. ஷெவ்ரலேயும் 1960ஆம் ஆண்டின் மாதிரியில் தன் சொந்த அமைப்பைக் கையாண்டது. வழிகாட்டிய சிறு கம்பனிக்கு அவ்வழியில் இடமில்லாது போயிற்று. ஆயினும் அது மாற்றியமைத்த லொறிகளை இன்று பழைய வாகனப் பிரியர்கள் தேடிப் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர்.

பிள்ளைகளே, இக்கதையில் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அந்தக் கமக்காரனுக்கு வேண்டியிருந்தது இன்னும் பெரிய எஞ்சின் அன்று. ஏற்கெனவே தன்னிடமிருந்த வலுவை, வேலையின்றி உருண்டுகொண்டிருந்த இரண்டு சில்லுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தலே அவனுக்கு வேண்டியிருந்தது. சேற்றில் அகப்பட்ட எவரும் ‘இன்னும் வலு வேண்டும்’ என்று கலங்குமுன், தம்மிடம் சும்மா கிடப்பது யாது என்று ஒருமுறை பார்த்தல் நன்று.