கடாரத்துக்குப் போகாத டாங்கிகள்

திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த செப்பேடுகள் மொத்தம் 31. கடல் கடந்து போன ராஜேந்திர சோழனின் படை கடாரத்தை வென்ற செய்தி அவற்றில் இருக்கிறது. அந்தக் கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். 1941 டிசம்பரில் அதே கெடாவின் ஜித்ராவில் 11-வது இந்தியப் படைப்பிரிவு ஜப்பானியரிடம் இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் பின்வாங்கியது. டாங்கி என்ற ஒன்றைக் கண்ணாலேயே பார்த்திராத சிப்பாய்கள் அதில் பலர். மலாயா முழுவதிலும் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கி கிடையாது. 336 போர் விமானங்களாவது வேண்டும் என்று லண்டனே கணக்குப் போட்டிருந்த இடத்தில் இருந்தவை 158. அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பர் 18 அன்று, லிபியப் பாலைவனத்தில் அதே பிரிட்டன் எழுநூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளோடு தாக்குதலைத் தொடங்கியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின் பாலைவனப் படலத்தைப் பற்றி 'இப்படி நடந்திருந்தால்' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: 1942 ஜூலையில் ஜெர்மானியத் தளபதி ரோமல் எல் அலமெயினை உடைத்துக்கொண்டு கெய்ரோவுக்குள் நுழைந்திருந்தால்? கேள்வியில் விறுவிறுப்பு இருக்கிறது. ஜூலை 1 அன்று டெய்ர் எல் ஷெயின் பள்ளத்தில் 18-வது இந்தியப் பிரிகேடு தன்னையே பலிகொடுத்து ஜெர்மானிய டாங்கிகளைப் பகல் முழுக்க நிறுத்தி வைத்ததை மறக்கவும் கூடாது. ஆனால் மலாயாவிலும் மதராஸிலும் இருந்த தமிழர்களின் தலைவிதி தீர்மானமானது அந்த நாளில் அல்ல என்பது என் வாதம். அது பதினேழு மாதங்களுக்கு முன்பே, 1941 பிப்ரவரியில், தீர்மானமாகிவிட்டது. சூயஸ் விழுந்திருந்தால் இந்தியா துண்டிக்கப்பட்டிருக்கும் என்பதும் பாதி உண்மைதான். மத்தியதரைக் கடல் வழி ஏற்கெனவே ஆபத்தாகிவிட்டதால், இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் பெரும்பாலானவை அப்போதே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தன.

1941 பிப்ரவரியில் நடந்தது இதுதான். முந்தைய டிசம்பரில் சிடி பர்ரானியில் 4-வது இந்தியப் படைப்பிரிவும் 7-வது கவசப் படைப்பிரிவும் தொடங்கி வைத்த தாக்குதல், பிப்ரவரி 7 அன்று பேடா ஃபோமில் முடிந்தபோது இத்தாலியர் சுமார் 1,30,000 பேர் கைதிகளாகியிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் ஐந்நூறு பேர் அளவில்தான். தளபதி ஓகானர் அப்படியே திரிப்போலிவரை போய்விடத் துடித்தார். சர்ச்சில் கிரேக்கத்தைக் காப்பாற்ற நினைத்தார். நல்ல படைகளெல்லாம் கிரேக்கத்துக்குக் கப்பலேறின. ஏப்ரல் இறுதியில் தளவாடங்களைக் கரையிலேயே போட்டுவிட்டு உயிரோடு மட்டும் திரும்பின. பிப்ரவரி 12 அன்று ரோமல் திரிப்போலியில் வந்து இறங்கினார். முடிந்திருக்க வேண்டிய பாலைவனப் போர் இன்னும் இரண்டு வருடம் இழுத்தது. அந்த இரண்டு வருடமும் கீழ்த்திசைக்குப் போயிருக்கக்கூடிய டாங்கியையும் விமானத்தையும் பழகிய படையையும் மணல் விழுங்கியது.

திரிப்போலிவரை போயிருக்கவே முடியாது என்பார்கள். லேசான ஆட்சேபணை அல்ல இது. இன்னும் 700 கிலோமீட்டர் பாலை, டாங்கிகள் தேய்ந்துபோயிருந்தன, பெங்காசி துறைமுகத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆனால் எதிரில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் பிரிட்டிஷார் தொடர்ந்து வந்திருந்தால் சொல்லிக்கொள்ளும்படியான எதிர்ப்பே இருந்திருக்காது என்று பின்னாளில் எழுதியவர் ரோமலேதான். ஒரு சிறிய படை, கைப்பற்றிய இத்தாலிய லாரிகளையும் பெட்ரோலையும் வைத்துக்கொண்டு முயன்றிருக்கலாம். முயற்சி தோற்றிருக்கவும் கூடும். ஆனாலும் கிரேக்கத்தில் நடந்ததைவிட மோசமாக எதுவும் நடந்திருக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபணை வேறு. ஆப்பிரிக்கா கைக்கு வந்திருந்தாலும் சர்ச்சில் மலாயாவுக்கு எதையும் அனுப்பியிருக்க மாட்டார் என்பது அது. ஜப்பான் போரில் இறங்கும் என்று அவர் நம்பவில்லை. உபரியை ரஷ்யாவுக்கோ ஐரோப்பாவுக்கோ திருப்பியிருப்பார். இதற்குப் பதில் லண்டனிலேயே இருக்கிறது. 1941 மே மாதம் ராணுவத் தலைமைத் தளபதி ஜான் டில், எகிப்தைவிடச் சிங்கப்பூர் முக்கியம் என்று எழுத்தில் கொடுத்தார். சர்ச்சில் அதைத் தூக்கிப்போட்டார். அவரால் அது எப்படி முடிந்தது? தோப்ருக் முற்றுகையில் இருந்தது, ரோமல் எகிப்து எல்லையில் நின்றார். வாசலில் திருடன் நிற்கும்போது கொல்லைப்புறத்தைப் பற்றிப் பேசினால் யார் காதில் வாங்குவார்கள்? ரோமல் அங்கே இல்லையென்றால் டில்லின் வாதத்தை மறுக்க சர்ச்சிலிடம் என்ன இருந்திருக்கும்?

சிங்கப்பூர் விழுந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. கடல் ஜப்பானின் கையில் இருந்தது. என் கணக்கு நாட்களைப் பற்றியது. 1942 ஜனவரி 7 விடியற்காலை சிலிம் ஆற்றங்கரையில் நடந்ததைப் பாருங்கள்: நிலா வெளிச்சம், இரு பக்கமும் ரப்பர் தோட்டமும் காடும், நடுவே ஒற்றைத் தார்ச்சாலை, அதில் வரிசையாக முப்பது ஜப்பானிய டாங்கிகள். தடுத்து நிறுத்த எதிரில் ஒரு டாங்கி இல்லை. பொழுது நன்றாக விடிவதற்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிப்போய், நடு மலாயா கைவிட்டுப் போனது. பழகிய ஒரு டாங்கி ரெஜிமென்ட் அந்தச் சாலையில் நின்றிருந்தால் எழுபது நாளில் முடிந்த படையெடுப்பு இன்னும் பல வாரம் நீண்டிருக்கும் என்பது பேராசைக் கணக்கல்ல.

அந்த வாரங்களின் மதிப்பு மதராஸுக்குத் தெரியும். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர், மார்ச் 23-ல் அந்தமான், ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்த வாரம் ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு நகரத்தையே காலி செய்யச் சொன்னது. உயர்நீதிமன்றம் கோவைக்குப் போனது. மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மேற்கே போகிறவர்களுக்கு இருந்த பாதை 1856-ல் போட்ட அதே ரயில் பாதை: திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம். அன்றைக்குத் திருவாலங்காடு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கடற்கரையை விட்டு உள்ளே போனால் போதும் என்று ஓடிவந்த நகரத்துக்கு இந்த வறண்ட பூமி அடைக்கலமானது. ஜப்பானியர் வரவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

சிங்கப்பூர் விழாவிட்டால் இந்திய தேசிய ராணுவம் ஏது, ஜான்சி ராணிப் படை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நேதாஜியின் அழைப்புக்கு மலாயாத் தோட்டத் தமிழர்கள் கொடுத்த பதிலுக்கு ஈடு இல்லை. ஆனால் அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலுக்கும் ஆள் போனது. 415 கிலோமீட்டர் பாதைக்காக மண் சுமந்த தமிழர்கள் பல்லாயிரம். காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. விடுதலை வேறு வழியிலும் வந்திருக்கும். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தோடு அந்த வழி திறந்தும் விட்டது. செத்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

திரிப்போலிக்குள் பிரிட்டிஷ் படை கடைசியில் நுழைந்தது 1943 ஜனவரி 23 அன்று. அந்த வருடத்தின் நடுப்பகுதியில் மலாயாத் தோட்டங்களில் ஆள் பிடித்து, சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்து, சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.