மண்ணில் அடங்கிய கரி

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்திலே பிராட்பால்க் என்றொரு கோதுமை வயல் உண்டு. லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1843-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய சோதனை இன்றளவும் நடந்து வருகிறது. ஆண்டுதோறும் தொழு எரு இட்ட பாத்தியின் மண்ணிலுள்ள கரி, அதாவது கார்பன், உரமே காணாத பாத்தியில் இருப்பதைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேலாகிவிட்டது. காற்றிலிருந்த கரியமில வாயுவைப் பயிர் உண்டது. அக்கரி எருவாகி மண்ணில் குடியேறியது. ஆனால் அதற்குப் பல தலைமுறைகள் ஆயின.

இந்த நிதானமே இன்று சங்கடத்தைத் தருகிறது. மண்ணில் கரி சேர்க்கும் உழவருக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு சில நாடுகளில் உண்டு. கொடுப்பவர், 'எவ்வளவு சேர்ந்தது?' என்று கேட்பாரல்லவா? ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள மண், கன மீட்டருக்கு 1.3 டன் எனக் கொண்டால், 3,900 டன். கரி 1 சதவீதத்திலிருந்து 1.1 ஆனால், கூடியது ஏறக்குறைய 4 டன். அவ்வயலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேற்றுமையே இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்! ஐந்தாறு பிடி மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி இதைக் கண்டுவிட முடியாது.

இங்கேதான் ஒளி துணைக்கு வருகிறது. மண்ணின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், மட்கிலுள்ள மூலக்கூறுகள் சில அலைநீளங்களை விழுங்குகின்றன. திரும்பி வரும் ஒளியில் குறைந்ததைக் கொண்டு கரியைக் கணிக்கிறோம். டிராக்டரில் பூட்டி இழுக்கும் கருவி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான இடங்களை அளந்துவிடும்.

ஆயினும் கருவியும் ஏமாறும். நம் கரிசல் நிலம் கறுத்திருப்பதால் அதில் கரி மிகுதி என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது பெரும்பாலும் குறைவே. அதுபோலவே, மண்ணின் ஈரமும் 1,400, 1,900 நானோமீட்டர் அளவில் ஒளியை விழுங்கிக் கணக்கைக் குழப்பும். ஆதலால் அந்தந்த வட்டாரத்து மண்ணில் ஒரு பகுதியையேனும் ஆய்வுக்கூடத்தில் எரித்து அளந்து, கருவியின் கணிப்பைச் சரிபார்த்தாக வேண்டும். மேலும், ஒளி சொல்வது சதவீதத்தை மட்டுமே. அதை டன்னாக்க மண்ணின் அடர்த்தியும் தெரிய வேண்டும்.

ஆழம் இன்னொரு சிக்கல். உழாமல் விட்ட வயலில் மேல்மண்ணில் கரி கூடும், அடிமண்ணில் குறைந்தும் போகலாம். மேலே மட்டும் அளந்தால் இல்லாத கரிக்குப் பணம் போகும். அக்கணக்கை விலைக்கு வாங்கிய ஆலையோ தன் புகைக்கு ஈடு செய்துவிட்டதாகக் கூறிக்கொள்ளும். யாரேனும் ஒரு வயலின் கரிக் கணக்கை என்னிடம் காட்டினால், எத்தனை ஆழம் வரை அளந்தார்கள் என்றே முதலில் கேட்பேன்.