தலைகீழாகப் போனாலும் விழாதது ஏன்?



திருவிழா ராட்டினத்தில் ஏறினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்ட நான் வானத்தில் குட்டிக்கரணம் போடும் விமானத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க!

இந்த வித்தைக்கு ஏரோபாட்டிக்ஸ் என்று பெயர். இதைப் புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்ற சின்ன விமானங்களில் ஒன்று சிட்டாப்ரியா. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த சாம்பியன் என்ற கம்பெனி 1964-ல் இதைக் கொண்டு வந்தது. இரண்டே சீட்தான். பைக்கில் போற மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர். இரண்டு பேருக்கும் தனித்தனி ஸ்டிக் உண்டு. இதன் உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் துணி! ஆங்கிலத்தில் இதன் பெயரைப் பின்னாலிருந்து படித்தால் 'ஏர்பாடிக்' என்று வரும்.

சரி, வட்டமடிக்கும்போது ஏன் கீழே விழுவதில்லை? நான் தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி வேகமாகச் சுற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மேலே போகும்போது வேகத்தைக் குறைத்தேன். தலையெல்லாம் தண்ணீர்! விமானமும் அப்படித்தான். வேகம் இருந்தால் விமானி சீட்டோடு அழுந்தி இருப்பார். அப்போது எடை மூன்று மடங்குக்கு மேல் கூடின மாதிரி இருக்கும். 36 கிலோ இருக்கும் நான் 108 கிலோ ஆகிவிடுவேன்! சாதாரணச் சின்ன விமானம் 3.8 மடங்கு தாங்கினால் போதும். சிட்டாப்ரியா 5 மடங்கு தாங்கும்.

இது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. மூக்கை ரொம்பத் தூக்கினால் இறக்கை மேல் காற்று ஒழுங்காக ஓடாது. தாங்கும் சக்தி போய்விடும். அப்போது விமானம் ஒரு பக்கம் திரும்பினால், காய்ந்த இலை மாதிரி சுற்றிக்கொண்டே விழும். பயந்தவர் என்ன செய்வார்? மேலே போகணும் என்று ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுப்பார். அதுதான் ஆபத்து! எஞ்சின் வேகத்தைக் குறைத்து, சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் காலால் மிதித்து, ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். சுற்றுவது நின்ற பிறகுதான் மெதுவாக மேலே எடுக்க வேண்டும். இதை நல்ல உயரத்தில், ஆசிரியர் பின்னால் இருக்கும்போதே பழகுவார்கள்.

எனக்குக் கிணறு ஞாபகம் வந்தது. முதல் நாள் பயத்தில் கையைக் காலை உதறி முழுகினேன். "உடம்பை லூசா விடு பாப்பா" என்று சித்தப்பா இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். விட்டேன், மிதந்தேன். பயம் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்யணும். அதுக்குத்தான் பயிற்சி.

பெண்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க தேசிய ஏரோபாட்டிக் போட்டியில் 1991-ல் பட்டம் வென்றவர் பேட்டி வாக்ஸ்டாஃப் என்ற பெண். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதை வென்றதில்லை. 1992, 1993-லும் அவரேதான்!

இந்த வருஷம் நானும் ராட்டினத்தில் கண்ணை மூடாமல் சுற்றப் போறேன். நீங்களும் வாளியைச் சுற்றிப் பாருங்கள். வகுப்பறைக்குள் வேண்டாம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி