ஒன்பது நிலை எண்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் தெற்குக் கோபுரம் எதிரே எழுந்து நிற்கும். ஒன்பது நிலை. கீழே பரந்து, ஏற ஏற ஒடுங்கும் அந்த உருவத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஓர் எண் நினைவுக்கு வரும்: 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்கும் எண்களை ‘உயர் பகு எண்’ என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜில் இருந்தபோது சீனிவாச ராமானுஜன் 1915-ல் இவற்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள பட்டியலின் கடைசி எண் இதுதான்.

இந்தக் குலத்தில் நமக்குப் பழகிய பிள்ளை 12. இரண்டு பேருக்கும் பங்கு வைக்கலாம், மூன்று பேருக்கும் வைக்கலாம். நாலு பேர், ஆறு பேர் வந்தாலும் சண்டை வராது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று நெல் அளந்தவர்களுக்கு இந்தச் சௌகரியம் கையோடு தெரிந்திருக்கும். பெரிய எண் என்பதற்காகப் பங்குக்கு வளைந்து கொடுக்கும் என்றில்லை. இதே கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கும் தூண்கள் 985. அதை 1, 5, 197, 985 தவிர எதுவும் வகுக்காது. அதைவிடச் சிறிய 840-க்கோ 32 வகுத்திகள்!

நம் பெரிய எண்ணைப் பிரித்துப் பார்த்தால் கோபுரம் தெரியும். அடித்தளத்தில் 2, ஆறு தடவை. அதன் மேல் 3, நான்கு தடவை. பிறகு 5 இரண்டு, 7 இரண்டு. அதற்கு மேல் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. மொத்தம் ஒன்பது பகா எண்கள், ஒன்பது நிலைகள். எந்த நிலையும் தனக்குக் கீழ் நிலையைவிட அகலமில்லை. மாற்றி அடுக்கினால் என்ன ஆகும்? ஒரு 2-ஐயும் இரண்டு 3-ஐயும் பெருக்கினால் 18. இரண்டு 2-ஐயும் ஒரு 3-ஐயும் பெருக்கினால் 12. இரண்டுக்கும் வகுத்திகள் ஆறுதான். அதே பலனை 12 குறைந்த செலவில் தருகிறது, 18 தோற்றது. உயர் பகு எண்ணின் உச்சி நிலையில் உள்ள பகா எண் எப்போதும் ஒரே தடவைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார். விலக்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டும்.

வகுத்திகளை எண்ணுவதும் எளிது. 2-ஐ ஒன்றும் எடுக்காமல் விடுவதிலிருந்து ஆறும் எடுப்பதுவரை ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. மேலே உள்ள ஐந்துக்கும் இவ்விரண்டு. எல்லாம் பெருக்கினால் 10,080. ஒரு வாரத்தில் உள்ள நிமிடங்களும் அத்தனையே. அது தற்செயல்தான், ஆனாலும் முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

கோபுரத்துக்கு ஸ்தபதி உண்டு, கொத்தனார் உண்டு, சுதை வேலைக்காரர் உண்டு. இந்த எண்ணுக்குச் சாரம் கட்டியவர் யார்? வைகை மணலில் முதல் கால் படுவதற்கு முன்பே இது இப்படியே இருந்தது. தன் கணக்கையெல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்றே ராமானுஜன் சொல்லிவந்தார். குளத்துப் படியில் இருக்கும்போது அந்தப் பேச்சை மறுக்க எனக்கு வாய் வருவதில்லை.

ராமானுஜனின் அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதை 23-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். அதாவது, உச்சி நிலை ஒன்று மட்டும் குறைந்த அதே கோபுரம். மேதையின் கண்ணுக்கும் தப்பிய அது, சரிபாதியாக 5,040 வகுத்திகளோடு தன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.